நாலாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் கல்யாணம்

என் கையெழுத்து அழகானது. இதை நான் சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்து, மூவார் தபால் கந்தோரில் இருந்த சித்தப்பாவின் தயவில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த எனக்குக் கோலாலம்பூர் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்ததே அந்தக் கையெழுத்தால்தான். "இவன் எழுதிய 7, 1 மாதிரி இல்லை" என்று நேர்முகத்தில் ஒரு துரை இன்னொரு துரையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மரத்துக்கு மரம் நம்பர் எழுதும் வேலைக்கு அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்னைத் தங்காக்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய ரப்பரில் பத்து ஏக்கரை நிலையம் தன் சோதனைக்கென்று கேட்டு வாங்கியிருந்தது. என் மேலதிகாரி மில்பர்ன் துரை. தாவரங்களின் பிறவிக்குணத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். கோலாலம்பூரில் இருப்பார், மூன்று மாதத்துக்கு ஒரு முறை காரில் வந்து பார்ப்பார். ஆங்கிலமும் கொஞ்சம் மலாயும் பேசுவார். தமிழில் 'வணக்கம்', 'சீக்கிரம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தெரியும். இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்.

நிலையத்தின் கவலை இதுதான். ஒரு தோட்டத்தில் நூறு ரப்பர் மரம் இருந்தால் முப்பதுதான் உருப்படியாகப் பால் கொடுக்கும். மற்ற எழுபதும் கந்தோர்களில் சில பேர் இருப்பதைப் போலச் சும்மா நிழலுக்கு நிற்கும். அந்த முப்பதிலும் நல்ல மரமாகப் பார்த்துப் பொறுக்கி, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் கையாலேயே வைத்து, பிறக்கும் கன்று பெற்றோரைப் போல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றும் பூச்சியும் கண்டபடி செய்துகொண்டிருந்த காரியத்தை நிலையம் கணக்காகச் செய்ய நினைத்தது. அந்தக் கணக்கை எழுதுபவன் நான்.

கையால் செய்பவர்கள் மூன்று பெண்கள். வெள்ளையம்மா, ராசம்மா, செல்வராணி. மூவரும் அந்தத் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளிகள். ரப்பர் பூ அரிசிப்பொரி அளவுதான் இருக்கும். மூங்கில் பரணில் ஏறி, ஆண் பூவின் நடுத்தண்டைச் சின்ன இடுக்கியால் எடுத்து, பெண் பூவுக்குள் வைத்து, பஞ்சு இழையும் ஒரு சொட்டு ரப்பர் பாலும் வைத்து வாயை அடைக்க வேண்டும். பிறகு நம்பர் அடித்த தகரச் சீட்டை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். நூறு பூவில் இப்படிச் செய்தால் நாலு காய் பிடிக்கும். வெள்ளையம்மா செய்தால் எட்டு பிடிக்கும். காரணம் கேட்டால் கையை விரித்துக் காட்டுவாள். மெல்லிய நீண்ட விரல்கள். எனக்கு அந்த விரல்கள் இருந்திருந்தால் வயலின் படித்திருப்பேன்.

அந்தப் பெண்களுக்கு அது ஆராய்ச்சியாகத் தெரியவில்லை, கல்யாணமாகத் தெரிந்தது. பெண் பூ தரும் மரம் பொண்ணு, மகரந்தம் தரும் மரம் மாப்பிள்ளை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற ஒன்பதாம் நம்பர் மரம், மூவார்ப் பக்கத்து விதையில் வந்தது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதற்கு 'மூவார் மாப்பிள்ளை' என்று பெயர். தோட்டம் முழுக்க எங்கள் பத்து ஏக்கரைக் கல்யாணக் காடு என்றார்கள். என்னைத் தரகர் என்று சொன்னதாகவும் கேள்வி. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை.

சிரிப்பெல்லாம் எங்கள் வேலிக்குள் மட்டும்தான். வெளியே ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தோட்ட நிர்வாகியான பெரிய துரை பாதி மரங்களைப் பால் வெட்டாமல் சும்மா விட்டுவிட்டார். மாதா மாதம், விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்த குடும்பம் மூட்டை கட்டி லாரியில் ஏற வேண்டும். அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து நாகப்பட்டணம். என் காலத்திலேயே நாற்பது குடும்பங்கள் போய்விட்டன. எங்கள் மூன்று பெண்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் மட்டும் தப்பியிருந்தார்கள். சோதனை நடக்கும்வரை நிலையத்தின் ஆட்களை அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது.

மற்றவர்கள் ஊருக்குப் போவதை நினைத்து அழுதாலும் கொஞ்சம் ஆசையும் இருக்கும். வெள்ளையம்மாவுக்கு அது அறவே இல்லை. "எங்களை அனுப்பிட மாட்டாங்கல்ல ஐயா" என்று வாரம் ஒரு முறையாவது கேட்பாள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "ஊரெண்டால் என்ன புலியே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"புலி பரவாயில்லீங்க ஐயா. நாங்க ரெண்டு பேரும் அங்க போயி எறங்கினா உசுரோட விட மாட்டாங்க" என்றாள். அவள் புருஷன் ஐயாசாமி பக்கத்தில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை. ஏதோ வெட்டுக்குத்து வழக்கு என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மார்ச் மாதம் மரங்கள் பூத்தன. கோலாலம்பூரிலிருந்து வந்த பட்டியலில் கடைசி வரி: நாலாம் நம்பர் பூவுக்கு ஏழாம் நம்பர் மகரந்தம். காலையில் மூன்று சிகரெட் டின்னில் ஏழாம் நம்பரின் ஆண் பூக்களைப் பறித்து மூவருக்கும் கொடுத்தேன். வெள்ளையம்மா தன் டின்னை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இந்த ரெண்டுக்கும் என்ன முறைங்க ஐயா?"

தொழிலாளி ஒருத்தி ஆராய்ச்சியில் அக்கறை காட்டுகிறாளே என்று எனக்குப் பூரிப்பு. தோட்டத்தின் பழைய புத்தகத்தைப் புரட்டி விளக்கமே கொடுத்தேன். "ரெண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள். பத்தொன்பது வருசத்துக்கு முந்தி ஒரே மரத்தின்ரை விதையை வரிசையா நட்டிருக்கினம். அந்தத் தாய் மரம் நல்ல பால் மரம்."

"அப்ப அண்ணன் தங்கச்சி."

"மரத்துக்கு ஏது அண்ணன் தங்கச்சி?"

"நீங்கதானே ஐயா இப்ப ஒரு தாய்ப் பிள்ளைன்னு சொன்னீங்க."

ராசம்மா பரணில் இருந்தபடி சிரித்தாள். நான் பொறுமையாகச் சொன்னேன். நல்ல குணம் ஒரு குடும்பத்தில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கலந்தால் அந்தக் குணம் நிலைக்குமா, அல்லது கன்று சவலையாகப் போகுமா? துரைக்கு இது தெரிய வேண்டும். நிலைக்கும் என்று தெரிந்தால் மலாயா முழுக்க அப்படியே நடுவார்கள்.

"சவலையாப் போகுமா?" என்று வெள்ளையம்மா கேட்டாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"அது தெரியாமல்தானே செய்து பாக்கிறம்."

"இது வேணாங்க ஐயா. ஒம்பது சும்மாதானே நிக்குது. மொறையாப் பாத்தா அதுக்குத்தான் குடுக்கணும்."

"இது கல்யாணத் தரகு இல்லை வெள்ளையம்மா, ஆராய்ச்சி. சொன்னதைச் செய்."

அவள் டின்னை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பதிவேட்டில் '4 × 7' என்று எழுதினேன். அந்த ஏழு, சொன்னேனே, ஒன்று மாதிரி இருக்காது.

ஆகஸ்டில் காய் முற்றியது. ரப்பர் காய் முற்றினால் பட்டாசு மாதிரி வெடித்து விதையை எங்கோ வீசிவிடும் என்பதால், ஒவ்வொரு காய்க்கும் வலைப் பை கட்டியிருந்தோம். சீட்டை அவிழ்த்து விதையோடு நாற்றங்காலுக்குக் கொண்டுபோய், கன்றின் பக்கத்துக் குச்சியில் அதே நூலால் கட்ட வேண்டும். வெள்ளையம்மா கட்டிய சீட்டுகளை அவிழ்ப்பதற்குள் என் நகம் பெயர்ந்துவிட்டது. நாலாம் மரத்தில் அவள் கட்டிய ஒவ்வொன்றிலும் மூன்று முடிச்சு.

"ஒரு முடிச்சுப் போதாதோ உனக்கு?"

"கழண்டு போயிடக் கூடாதுல்ல ஐயா" என்றாள். நல்ல ஜாக்கிரதைதான் என்று பாராட்டினேன். நாற்றங்காலிலும் தன் சீட்டுகளை அவளே அப்படியே கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த ஜனவரியில் மில்பர்ன் துரை வந்தார். கன்றுகளுக்கு அப்போது நாலு மாதம். மற்றப் பாத்திகளை வேகமாகப் பார்த்துவிட்டு, நாலுக்கும் ஏழுக்கும் பிறந்ததாக என் பதிவேடு சொன்ன பாத்திக்கு வந்ததும் நின்றுவிட்டார். நூற்று முப்பத்தேழு கன்றுகள். பாதிக்கு மேல் இடுப்பளவுக்கு நிமிர்ந்து நின்றன. மற்றவை முழங்கால் உயரத்தில் வெளிறி, இலை சுருண்டு கிடந்தன. இரண்டும் கலந்தே இருந்தன.

சின்னதுகளுக்கு நத்தையைக் குறை சொன்னார். நிழலைக் குறை சொன்னார். பிறகு அளந்து சராசரி எடுத்தார், முகம் மலர்ந்துவிட்டது. "சகோதர மரங்களைக் கலந்தால் கன்று கெடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், கதிரேசு. ரப்பர் அப்படியில்லை போலிருக்கிறது. இதை நான் எழுதியே ஆக வேண்டும். அடுத்த வருஷம் இதே மாதிரி ஐம்பது ஏக்கர். இந்தப் பெண்களை விட்டுவிடாதே. உன் வேலையையும் நிரந்தரமாக்கச் சொல்கிறேன்."

அந்த ஐம்பது ஏக்கர் கனவில் நான் பதினைந்தாவது ஏக்கரில் மிதந்துகொண்டிருந்தபோது வெள்ளையம்மா பக்கத்தில் வந்து, "தொரை என்ன சொல்றாரு?" என்று கேட்டாள். சந்தோஷமாகச் சொன்னேன். "அண்ணன் தங்கச்சி மரத்துக்குப் பிறந்த கன்றுக்கு ஒரு குறையும் இல்லையாம். மலாயா முழுக்க இனி இப்பிடித்தான் நடப் போகினம். உங்கள் ஒருத்தருக்கும் கப்பல் இல்லை."

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் ஒரு நெடிய கன்றைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "அது பொய்யிங்க ஐயா" என்றாள்.

"என்ன பொய்?"

"நான் அண்ணன் தங்கச்சிக்குக் கட்டி வெக்கல. நீங்க குடுத்த பூவை வாய்க்கால்ல கொட்டிட்டேன். ஒம்பதுல இருந்து பறிச்சுத்தான் வெச்சேன். மூணு முடிச்சு போட்டதெல்லாம் மூவார் மாப்பிள்ளைக்குப் பொறந்தது. ராசம்மாவும் செல்வராணியும் வெச்சதுதான் நெசமான நாலும் ஏழும். ஒத்த முடிச்சு."

குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து நிற்கும் கன்று, மூன்று முடிச்சு. சவலைக் கன்று, ஒற்றை முடிச்சு. அடுத்ததும் அப்படியே.

துரை கேட்டார். "என்ன சொல்கிறாள்?"

அந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'கன்று அழகாக இருக்கிறது என்கிறாள்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவளுக்குக் கப்பல் இல்லை, எனக்கு நிரந்தர வேலை, துரைக்குக் கட்டுரை. அப்படிச் சொல்ல வாயைத் திறந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளையம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பொய் தெரியும் போலிருந்தது. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். நானே மரங்களின் உறவுமுறையை அவளுக்கு விளக்கியதையும் சேர்த்துச் சொன்னேன்.

துரை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்க்கத் தொடங்கினார். மத்தியானம் போய்விட்டது. மூன்று முடிச்சு எழுபத்தொன்று, சராசரி மூன்றரை அடி. ஒற்றை முடிச்சு அறுபத்தாறு, சராசரி இரண்டு அடிகூட இல்லை. ஒற்றை முடிச்சிலும் நாலைந்து கன்றுகள் நன்றாகத்தான் வளர்ந்திருந்தன. அதையும் விடாமல் குறித்துக்கொண்டார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "காலையில் என் முடிவைச் சொல்கிறேன்" என்று பெரிய துரையின் பங்களாவுக்குப் போய்விட்டார். பெரட்டில் பெயர் வாசிக்கும் பெரிய துரை.

சாயங்காலம் வெள்ளையம்மா இருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஐயாசாமி வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு உட்காரச் சொன்னான். உட்காராமலே கேட்டேன். "பத்து மாசம் பொய் சொன்னனீ. அதை நம்பி எல்லாம் நல்லா நடக்கிற நேரத்தில ஏன் வாயைத் திறந்தாய்? பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பாய்தானே?"

வெள்ளையம்மா ஐயாசாமியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"நாங்க ரெண்டு பேரும் பங்காளி மொறைங்க ஐயா" என்றாள். "ஒரே கொலசாமி. ஊர்ல எனக்கு இவரு அண்ணன். ஓடி வந்து கங்காணிகிட்ட மாமன் மகள்னு பேர் குடுத்துக் கப்பலேறினோம். ஏழு வருசமாச்சு. இங்க எங்க ஊரு ஆளு யாரும் இல்ல, அதனால பொழச்சோம்."

பெட்டியில் உட்கார்ந்தேன்.

"நாங்க செஞ்ச பாவத்தை மரத்துக்கும் செய்யணுமான்னுதான் மொதல்ல மாத்தி வெச்சேன். சவலையாப் போகும்னு நீங்க சொன்னதும் பயந்துட்டேன், அதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. இப்ப நாலு மாசங்க ஐயா, எனக்கு." கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்குத் தொரை ஒரு கொறையும் இல்லன்னு சொன்னாரே, அதைக் கேக்கத்தான் நான் ஏழு வருசமா ஏங்கிக் கெடந்தேன். ஆனா அது என் கையால செஞ்ச பொய்யி. அதை நம்பி நான் எப்படிங்க பெத்துக்குறது? நெசம் என்னன்னு தெரியணும் எனக்கு."

நிலையத்தில் பதினெட்டுத் துரைமார் இருந்தார்கள். அந்தக் கேள்வியின் விடை அவர்களில் ஒருவருக்கும் இவளுக்கு வேண்டியிருந்த அளவுக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"தொரை எப்படியும் அனுப்பத்தான் போறாரு" என்று ஐயாசாமி சொன்னான். "அதுக்கு முன்ன ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க ஐயா. எங்க புள்ள எப்படி இருக்கும்?"

"ஊர் பேர் சொல்லாமல் கேக்கிறன்" என்றேன்.

"எங்க பேரைச் சொல்லியே கேளுங்க" என்றாள் வெள்ளையம்மா.

மறுநாள் காலை துரை நாற்றங்காலுக்கு வந்தபோது அவர்கள் இருவரும் ஏற்கனவே வந்து நின்றிருந்தார்கள். துரை என்னிடம்தான் முதலில் பேசினார். எந்த மரம் எதற்கு என்ன உறவு என்று வேலைக்காரர்களிடம் அளந்ததற்காக என் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. வாயாடிகளின் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை என்றார். அது எனக்குச் சுருக்கென்றது.

பிறகு வெள்ளையம்மாவின் பக்கம் திரும்பினார். "அவளிடம் சொல். அவள் செய்தது பெரிய தவறு. இனி ஒரு முறை நடந்தால் மன்னிக்க முடியாது. ஆனால் ஒரே தாய், ஒரே மண், ஒரே மழை. பாதிக்குச் சகோதரன், பாதிக்கு அந்நியன். இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவளால் தோன்றியிருக்கிறது. நேற்று அவள் பேசாமல் இருந்திருந்தால் நான் மலாயா முழுவதற்கும் தவறான விதையை நடச் சொல்லியிருப்பேன். மார்ச்சில் இதையே ஒழுங்காகத் திரும்பச் செய்வோம், ஒற்றை முடிச்சும் மூன்று முடிச்சுமாக. அவள் இல்லாமல் முடியாது. அனுப்பக் கூடாதவர்களின் பட்டியலைப் பெரிய துரையிடம் கொடுத்துவிட்டேன்."

"கப்பல் இல்லை" என்றேன் தமிழில். ஐயாசாமி கையெடுத்துக் கும்பிட்டான். வெள்ளையம்மா கும்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் பாக்கி இருந்தது.

நான் கேட்டேன், பெயர் சொல்லியே. துரை அவர்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார். வியப்பையோ வெறுப்பையோ காட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, "எத்தனை தலைமுறைக்கு முன்னால் சேர்கிறார்கள்?" என்று கேட்டார்.

"எங்க தாத்தாவோட அப்பனும் அவரு தாத்தாவோட அப்பனும் அண்ணன் தம்பின்னு சொல்லுவாங்க" என்றாள் வெள்ளையம்மா.

துரை காகிதத்தில் கோடு போட்டார். கீழே ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு கிளை, மேலே மேலே ஏறி, உச்சியில் ஒரே இடத்தில் முட்டின. நடுவில் வெற்றுக் காகிதம்தான் நிறைய இருந்தது. பிறகு ஏதோ பெருக்கினார். "நாலாம் மரத்துக்கும் ஏழாம் மரத்துக்கும் தாய் ஒன்று, தந்தை வேறு என்று வைத்தால், அந்தக் கன்றுகளில் ஒரே ரத்தம் சேரும் உள்கலப்பு எட்டில் ஒன்று. இவர்கள் பிள்ளைக்கு இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று. இது ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கிராமத்தில் யார் யாரைக் கட்டினாலும் இவ்வளவு இருக்கும். மரமும் மனிதனும் ஒன்றல்ல, நான் மருத்துவனும் இல்லை. ஆனால் என் கணக்கில் இவர்கள் இருவரும் அந்நியர்கள்."

சொல்லிவிட்டு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "உங்கள் ஊர்களில் எந்தக் கல்யாணம் சரியான கல்யாணம்?"

"தாயின்ரை தமையன் மகளைக் கட்டுறது" என்று பழக்கத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். "என் அப்பாவும் அப்படித்தான் அம்மாவைக் கட்டினார்."

துரை உடனே இன்னொரு படம் போட்டார். அதில் கோடுகள் ஏறிய வேகத்திலேயே முட்டிக்கொண்டன. "பதினாறில் ஒன்று" என்றார். என் மூக்குக்கண்ணாடியின் கனத்தையும், முந்தின ராத்திரி மழையில் நனைந்து நான் இருமிக்கொண்டிருந்ததையும் ஒரு மரத்தைப் பார்ப்பது போலவே பார்த்தார். மேளதாளத்தோடு, ஊரார் ஆசீர்வாதத்தோடு நடந்த கல்யாணத்தில் பிறந்த நான், வெட்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் பிள்ளையைவிட அந்தச் சவலைக் கன்றுகளுக்குக் கிட்டத்துச் சொந்தம். இதை நான் ஒளிக்காமல் மொழிபெயர்த்தேன். ஐயாசாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளையம்மா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்றாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அந்நியமாம். பிள்ளை நல்லாயிருக்கும். பயப்பட ஒண்டும் இல்லையாம்."

அவள் துரை போட்ட படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாதவள். கீழே இருந்த புள்ளியில் விரலை வைத்து, ஒரு கிளை வழியாக மேலே போய், மறு கிளை வழியாக இறங்கினாள். கண்ணீர் காகிதத்தில் விழுந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் துரையும் இளித்துக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு தடவை தங்குச்சுங்க ஐயா" என்றாள், என்னைப் பார்க்காமல். "கொறையோட பொறந்து கஷ்டப்படக் கூடாதுன்னு, ரெண்டு தடவையும் நானே மருந்து காய்ச்சிக் குடிச்சுக் கலைச்சேன். இந்தத் தடவை இவருதான் சட்டியைத் தூக்கிப் போட்டு ஒடச்சாரு. அப்ப அந்த ரெண்டும் நல்லாத்தான் பொறந்திருக்கும்."

ஐயாசாமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று துரை கேட்டார்.

"மார்ச்சில் வேலைக்கு வந்துவிடுகிறேன் என்கிறாள்" என்றேன்.